இன்னொரு பொட்டலம்

எடின்பரோ,
4.7.93

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி கந்தவேல் எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறதா? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? நீ ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்துவிடாதே.

கோடை வகுப்பு என்றுதான் பெயர். இங்கே கோடை நம் ஊர் மார்கழியைவிடக் குளிர். ஊர் முழுக்கக் கருங்கல் கட்டடங்கள், எல்லாம் புகை படிந்து கறுத்தவை. நடுவில் ஒரு பெரிய பாறை, அதன் மேல் கோட்டை. பகல் ஒரு மணியானால் அங்கிருந்து பீரங்கி வெடிக்கிறார்கள், ஊருக்கு நேரம் சொல்வதற்காம். முதல் நாள் நான் தெருவிலேயே குனிந்துவிட்டேன். சந்துகள் நம் திருப்பூர் ராயபுரத்துச் சந்துகளைவிடக் குறுகல். ஆனால் எந்தச் சந்தில் நுழைந்தாலும் யாராவது ஒரு எழுத்தாளர் குடியிருந்திருக்கிறார், சுவரில் பெயர் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் இந்தத் தெருக்களில் நடந்துகொண்டே இலக்கியம் படிப்பதுதான் பாடம்.

முதல் வகுப்பில், இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னார்கள். நான் நம் மாகாளியம்மன் கதையைச் சொன்னேன். "எங்கள் தெருவில் பெரிய காரியம் எதுவானாலும் அம்மனிடம் பூக் கேட்போம். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. வீட்டில் கலியாணமாகாத பெண் தனியாக உட்கார்ந்து கட்ட வேண்டும். பூசாரி குலுக்கிக் காலடியில் போடுவார். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை" என்றேன். எனக்குச் சிவப்பு வந்தது என்றதும் வகுப்பே ஐயோ என்றது.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்ததையும் சொன்னேன். நீ விடவில்லையே. "கடல் தாண்டிப் போலாமான்னு கேட்டா எந்த ஆத்தா போன்னு சொல்லுவாளுங்க? படிச்சுப்போட்டுத் திரும்பி வருவானான்னு கேளுங்க" என்றாய். இரண்டாம் முறை கேட்டார்கள். வெள்ளை வந்தது. எங்கள் பேராசிரியை மிஸஸ் ஃபிரேசர் கைதட்டிவிட்டார். "உன் அக்காவுக்குத்தான் இந்த இடத்தைக் கொடுத்திருக்க வேண்டும்" என்றார். நான் பூவை நம்புகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் பெருமையாக இருந்தது.

நீ கொடுத்தனுப்பிய ஃபிலீஸ் சட்டை இல்லாவிட்டால் விறைத்துப் போயிருப்பேன். எந்நேரமும் அதுதான் உடம்பில்.

அப்பா அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
கந்தவேல்


திருப்பூர்,
16.7.93

அன்புத் தம்பி கந்தவேலுக்கு,

அக்கா மருதாள் எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம். அம்மாவின் கால் அப்படியேதான். உனக்கு அந்த ஊர்ச் சாப்பாடு வயிற்றுக்குச் சேர்கிறதா?

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். பீரங்கி என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அங்க சண்டை கிண்டை ஒண்ணுமில்லீல்ல கண்ணு?" என்றார். நேரம் பார்க்கத்தான் என்றேன். "ஒரு கடிகாரம் வாங்கி மாட்டறதுக்கு வழியில்லையாமா அவங்களுக்கு?" என்று உன் ஊரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நம் வீட்டுக் கதையை வைத்து நீ கைதட்டு வாங்கிவிட்டாய். என் பங்கை எடுத்து வை.

ஒரு விஷயம் எழுத வேண்டும். இதுவரை காகிதத்தை ஓட்டியது அதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான்.

எங்கள் கம்பெனி ஓவர்லாக் டெய்லர் குருசாமியை உனக்குத் தெரியும். சாத்தூர்ப் பக்கத்துக்காரர். பொங்கலன்று நம் வீட்டுக்கு வந்து, கரும்பு தின்று நாக்கு வெந்துபோனது என்று தண்ணீர் கேட்டாரே, அவர். அவர் மிஷினுக்குத்தான் நான் கைமடி. நான் துணியை மடித்து எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் தைப்பார். நாள் முழுக்க எதிரும் புதிருமாக உட்கார்ந்து நாங்கள் பேசியதைவிடப் பேசாமல் இருந்ததுதான் அதிகம். நீ எந்நேரமும் போட்டுத் திரிகிறாயே, அந்தச் சட்டை அவர் தைத்தது. எக்ஸ்போர்ட்டில் கழித்த துணி. உன் தோள் அளவைக் கேட்டு என் உயிரை வாங்கினார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, வெற்றிலை பாக்கை வைத்து, அப்பாவிடம் நேராகவே என்னைக் கேட்டுவிட்டார். அப்பா முடியாது என்று சொல்லவில்லை. "வேத்துச் சனம், தெக்கத்தி ஆளுங்க" என்று இழுத்தார். பிறகு ஆடி வெள்ளியில் பூக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்றார்.

எனக்கு இருபத்தொன்பது நடக்கிறது. தம்பியிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. உனக்குச் சம்மதம்தானே? ஒரு வரி எழுது.

மழையில் நனையாதே.

அன்பு அக்கா,
மருதாள்


எடின்பரோ,
27.7.93

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. நானும் நலம், லேசான இருமல் மட்டும்.

இங்கே அடுத்த மாதம் பெரிய திருவிழா. உலகம் முழுவதிலுமிருந்து நாடகக்காரர்கள் வருவார்களாம். இப்போதே தெருவில் முகத்துக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டு சிலைபோல நிற்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் கல்லில் சிலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று திருமுருகன்பூண்டியைப் பற்றிச் சொன்னேன், இங்கே மனிதர்களே சிலையாகிவிடுகிறார்கள் என்று ஒரு இத்தாலிக்காரப் பெண் சிரித்தாள். சில நாள் கடலிலிருந்து பனி வந்து கோட்டையையே மூடிவிடும். அப்போது வாசலில் நின்று பார்த்தால் எதிர் வீடுகூடத் தெரியாது. காற்றில் எந்நேரமும் வேகவைத்த தானிய வாசனை, ஏதோ சாராய ஆலையிலிருந்து வருவதாம். எனக்கு நம் அம்மா கம்பஞ்சோறு கிண்டும் ஞாபகம் வருகிறது.

மிஸஸ் ஃபிரேசர் என் கட்டுரையைப் படித்துவிட்டுத் தனியே கூப்பிட்டுப் பேசினார். ஜனவரியில் ஒரு வருடப் படிப்பு தொடங்குகிறதாம். என்னைச் சேர்த்துக்கொள்ள வழியிருக்கிறதாம். அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். அவர் ஆகஸ்டு கடைசியில் நான் வருவேன் என்றிருப்பார்.

நீ எழுதியதைப் படித்தேன். சட்டை நன்றாக உழைக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
கந்தவேல்


திருப்பூர்,
7.8.93

அன்புத் தம்பிக்கு,

உன் இருமல் நின்றதா? சுக்கு மிளகு கொஞ்சம் கொடுத்தனுப்பினேனே, பெட்டியின் பக்கவாட்டு உறையைப் பார். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தில் ஒரு வரியைத் தேடினேன். இத்தாலிக்காரப் பெண் சிரித்தது இருக்கிறது, கம்பஞ்சோறு இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் சட்டை உழைக்கிறது என்று இருக்கிறது. சரி, நீ கூச்சப்படுகிறாய் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

நேற்று ஆடி வெள்ளி. பூக் கேட்டார்கள். குளித்துவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்து நான்தான் பொட்டலம் கட்டினேன். பூசாரி ஆத்தப்பன் குலுக்கிப் போட்டார். அவர் பேத்தி எடுத்துக் கொடுத்தாள். சிவப்பு.

குருசாமி கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார், ஏறவில்லை.

அப்பா, "ஆத்தா செவப்புக் குடுத்துட்டாளே சாமி, நாம என்ன பண்ண முடியும்?" என்றார். அம்மாதான் வாயைத் திறந்தாள். "ஏனுங்க, பையனுக்கு இன்னொருக்காக் கேட்டமல்லங்க? புள்ளைக்கும் கேட்டா என்னங்க?" என்றாள். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கந்தவேலு எழுதட்டும். படிச்ச பையன். இன்னொருக்காக் கேளுங்கன்னு அவன் எழுதுனா நான் கேக்கறேன். ஊர் கேட்டா என்ற பையன் சொன்னான்னு சொல்லிக்குவேன்" என்றார்.

அவர் கேட்ட கேள்வி, "வேத்துச் சனத்துல பொண்ணக் குடுக்கலாமா ஆத்தா?" என்பது. அப்படிக் கேட்டால் வேறென்ன வரும்? "இவ நல்லா இருப்பாளா" என்று கேட்கச் சொல்லி நீ எழுது. உனக்காக நான் கேட்டேன். எனக்காக நானே கேட்டால், கலியாண ஆசையில் அலைகிறாள் என்று தெருவே பேசும். குருசாமியின் அம்மா அவர்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாள். ஆவணி முடியும்வரை பொறுக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். புரட்டாசி பிறந்தால் அவ்வளவுதான்.

அப்பா பெயருக்கு எழுது. நான்தானே வாசித்துக் காட்டப் போகிறேன், தைரியமாக எழுது.

அக்கா,
மருதாள்


திருப்பூர்,
17.8.93

அன்புத் தம்பிக்கு,

நலம். ஆவணி பிறந்துவிட்டது. கடிதம் இன்னும் வரவில்லை. தபால்காரர் நம் சந்துக்குள் திரும்பும்போது கம்பெனி ஜன்னலிலிருந்து தெரியும். துணியை மடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சூப்பர்வைசர் தங்கவேலு சத்தம் போட்டார். மிஷினை நிறுத்திவிட்டுக் குருசாமி, "அவுகள ஏன் வையுதீக? நூலு அந்துபோச்சு, நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார். நூல் அறவில்லை.

சீக்கிரம் எழுது.

மருதாள்


எடின்பரோ,
20.8.93

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

உங்கள் மகன் கந்தவேல் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் ஆசியால் நலம். கோடை வகுப்பு முடிந்தது. முதல் வகுப்பில் தேறியிருக்கிறேன். உங்களிடம் ஒரு அனுமதி கேட்க வேண்டும். ஜனவரியிலிருந்து ஒரு வருடம் இங்கேயே படிக்க இடம் தருகிறார்கள். செலவு முழுவதும் அவர்களுடையது. அதுவரை நூலகத்தில் எனக்கு வேலையும் தந்திருக்கிறார்கள். அக்டோபர் கடைசிக்குள் நான் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படி ஒரு வாய்ப்பு நம் சனத்தில் யாருக்கும் வந்ததில்லை. அக்கா இருக்கும்வரை வீட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்பு மகன்,
கந்தவேல்

(அக்காவுக்கு மட்டும். இதை அப்பாவுக்கு வாசிக்க வேண்டாம்.)

அக்கா, உன் கடிதம் வந்தது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் பூ விஷயத்தில் நான் இங்கிருந்துகொண்டு எப்படித் தலையிடுவது என்று யோசிக்கிறேன். மக்களின் நம்பிக்கையை வெளியிலிருந்து பார்த்து மாற்றச் சொல்வது ஒருவகை அகம்பாவம் என்று இங்கே வகுப்பில் நிறையப் பேசினோம். அது எனக்கும் சரியாகப்படுகிறது. அம்மன் ஒன்று சொல்லியிருக்கிறாள். அப்பாவின் மனசு அதில் இருக்கிறது. அதை நான் கலைக்கலாமா? நீ புரிந்துகொள்வாய்.

என் பூக் கதையை இவர்கள் வெளியிடும் சிறு புத்தகத்தில் அச்சடித்திருக்கிறார்கள். உன் பெயர்கூட வருகிறது. தனியாக அனுப்பியிருக்கிறேன்.


திருப்பூர்,
31.8.93

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமாக இருப்பது உன் எழுத்திலேயே தெரிகிறது.

உன் கடிதம் வந்ததும் அப்பா முகம் கழுவிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டார். நான் வாசித்தேன். ஒவ்வொரு வரியிலும், அடுத்த வரியில் இருக்கும், அடுத்த வரியில் இருக்கும் என்று வாசித்தேன். "அக்கா இருக்கும்வரை" என்ற இடத்தில் என் குரல் நின்றது. அப்பா, "ஏங் கண்ணு, எழுத்துப் புரியலையா?" என்றார். எழுத்தெல்லாம் நன்றாகப் புரிந்தது. முழுக்க வாசித்து முடித்தேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். "அவஞ் சொல்றது சரிதான், மருதா இருக்கறா ஊட்டுக்கு" என்றார் அப்பா. பூவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையா என்று அவரே கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அவனுக்கும் இஷ்டமில்லையாட்ட இருக்குது" என்று முடித்துவிட்டார்.

எனக்கு மட்டும் என்று எழுதிய துண்டைக் குளியலறையில் வைத்துப் படித்தேன். கந்தவேலு, நீ எட்டாவது படிக்கும்போதே பூ எல்லாம் பொய் என்று சொல்லிப் பூசாரியிடம் அடி வாங்கியவன். வகுப்பில் கதையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியவன். உனக்குச் சிவப்பு வந்தபோது, ஆத்தா மனசைக் கலைக்கலாமா என்று நீ கேட்கவில்லையே. "அக்கா, எதாவது பண்ணு" என்று சமையல்கட்டில் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். இப்போது திடீரென்று உனக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பக்தி?

எனக்குக் கோபமாக வருகிறது. எழுதிவிட்டு அழுகிறேன், அழுதுவிட்டு எழுதுகிறேன். நான் போய்விட்டால் வீட்டைப் பார்க்க நீ வர வேண்டியிருக்கும் என்று பயப்படுகிறாய். அதை நேராக எழுதியிருந்தால்கூட நான் ஏதாவது வழி சொல்லியிருப்பேன். நாங்கள் இருவரும் இதே ராயபுரத்தில்தான் இருப்போம். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார். வெற்றிலை பாக்கு வைத்த அன்றே சொன்னார்.

நான் யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. உன்னிடம் மட்டும் கேட்கிறேன். "இன்னொருக்காக் கேளுங்கள்." இரண்டே சொல். பணிந்து கேட்கிறேன் தம்பி. ஆவணி முடிவதற்குள் வந்து சேரும்படி எழுது. தந்தி கொடுத்தாலும் சரி.

அக்கா


எடின்பரோ,
12.9.93

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மன நிம்மதியோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உன் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. இத்தனை கோபம் உனக்கு ஆகாது.

நான் மறுப்புச் சொல்லவில்லை அக்கா. கொஞ்சம் பொறு என்றுதான் சொல்கிறேன். ஒரு வருடம் கழித்து நான் வந்து, நானே முன்னால் நின்று, இதைவிட நல்ல இடமாகவே பார்த்து முடிப்பேன். தந்தியில் சொல்லக்கூடிய விஷயமா இது?

இங்கே இலைகள் பழுத்து உதிரத் தொடங்கிவிட்டன. திருவிழாக் கூட்டம் போய்விட்டது. நூலகத்தில் பழைய கையெழுத்துப் பிரதிகளைத் தூசி தட்டி அடுக்குகிறேன். அந்தத் தாள்களைத் தொடும்போது உடம்பு சிலிர்க்கிறது. இதை விட்டு வரச் சொன்னால் நான் என்ன ஆவேனோ தெரியவில்லை.

ஒரு முக்கியமான விஷயம். திரும்பி வருவானா என்று கேட்டு வாங்கிய பூ அது. இப்போது நான் தங்குவதென்றால் அப்பா கட்டாயம் மறுபடி பூக் கேட்பார். சிவப்பு வந்தால் கிளம்பி வா என்று எழுதிவிடுவார். அவர் பேச்சை மீறி இங்கே இருக்க என்னால் முடியாது. நீதான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். போன தடவை செய்ததுபோலக் கேள்வியைச் சரியாகக் கேட்கச் சொல். வேண்டுமானால் இன்னொரு முறை கேட்க வை. உன் பேச்சைத்தான் அவர் கேட்பார்.

உன் தம்பி,
கந்தவேல்


திருப்பூர்,
24.9.93

கந்தவேலுக்கு,

அப்பா அம்மா நலம். உன் கடிதம் வந்தது. அதற்கு முன்பே புரட்டாசி பிறந்துவிட்டது.

குருசாமி ஆவணி கடைசி நாளில் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். போகிற அன்று என்னிடம் வந்தார். "மருதா, எங்க அம்மாட்ட இனியும் என்ன சாக்குச் சொல்ல? ஒங்க சாமி ஒரு தடவ வேண்டாம்னுச்சு. அதுகூடப் பரவால்ல. ஒங்க தம்பி ஒரு தடவகூட வேணும்னு சொல்லலியே" என்றார். என்னோடு வந்துவிடு என்றும் கேட்டார். அம்மா நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்தது. நான் தலையை ஆட்டினேன், வர முடியாது என்று. மிஷினைத் துடைத்து உறை போட்டுவிட்டுப் போனார். இப்போது அந்த மிஷினில் பல்லடத்திலிருந்து வந்த ஒருவர் தைக்கிறார். அவருக்கு நான் கைமடி. வேலை அதே வேலைதான். மடித்துக் கொடுக்கிறேன்.

உன் புத்தகம் வந்தது. என் பெயர் எங்கே இருக்கிறது என்று தங்கவேலு விரலை வைத்துக் காட்டினார். என்னை மிகவும் புத்திசாலி என்று எழுதியிருக்கிறாயாம். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள்.

உன் பூவை அடுத்த வெள்ளிக்கு மறு வெள்ளி கேட்கிறார்கள்.

மருதாள்


எடின்பரோ,
30.9.93

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? உன்னிடமிருந்து கடிதமே இல்லை. கோபம் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். பூக் கேட்டாயிற்றா? என்ன வந்தது? எனக்கு இங்கே வேலையே ஓடவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. சிரிக்காதே, நேற்றுக் கனவில் ஆத்தப்பன் பூசாரி வந்து பொட்டலத்தைப் பிரிக்கிறார், நிறம் தெரிவதற்குள் விழித்துவிட்டேன். என் வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது. உடனே எழுது.

உன் தம்பி,
கந்தவேல்


திருப்பூர்,
9.10.93

கந்தவேல் அவர்களுக்கு,

மருதாள் எழுதுவது. அப்பா சுகம், அம்மா சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் "நீ" என்று எழுதக் கை வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் முப்பதாம் தேதிக் கடிதம் நேற்றுக் காலை வந்தது. நேற்றுத்தான் பூக் கேட்ட வெள்ளிக்கிழமை. முதல் தடவையிலேயே வெள்ளை வந்துவிட்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ற பையன் மேல ஆத்தாளுக்கு அத்தனை பிரியம்" என்றார். தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். நீங்கள் சம்மதம் எழுதிக் கொடுத்துவிடலாம்.

இனி எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பொட்டலம் கட்டியது நான். இந்த வீட்டில் கலியாணமாகாத பெண் நான்தானே. ஆடி வெள்ளியில் எனக்காகக் கட்டியபோது ஒன்றில் வெள்ளை வைத்தேன், ஒன்றில் சிவப்பு வைத்தேன். இரண்டிலும் வெள்ளையை வைத்தால் என்ன என்று அன்றைக்கும் தோன்றியது. கதவு சாத்தியிருந்தது, யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் வைக்கவில்லை. ஆத்தா எனக்குக் கெட்டது சொல்ல மாட்டாள் என்று அத்தனை நம்பிக்கை. அவள் சொல்லாவிட்டாலும் என் தம்பி இருக்கிறான் என்று இன்னொரு நம்பிக்கை.

நேற்று உங்களுக்காகக் கட்டியபோது இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். குழந்தை எதை எடுத்திருந்தாலும் நீங்கள் அங்கேதான் இருந்திருப்பீர்கள்.

பாசத்தில் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் அதுவும் இருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சிவப்பு வந்து நீங்கள் கிளம்பி வந்தால், தினமும் தட்டு வைத்து, சோறு போட்டு, உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். அது என்னால் ஆகாது. அங்கேயே இருங்கள். அப்பாவையும் அம்மாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதியபடி, அக்கா இருக்கும்வரை கவலையில்லை.

ஆத்தாளை ஏமாற்றிய கை இது. இனி இந்தக் கையால் எனக்கென்று ஒரு பொட்டலம் கட்டி அவள் முன்னால் வைக்க முடியாது. வைத்தாலும், வருகிற பூவை நான் நம்ப மாட்டேன். கேட்பதற்கென்று எனக்கு இருந்த இடங்கள் இரண்டு. ஒன்று அவள், ஒன்று நீங்கள்.

குழந்தை எடுக்காத பொட்டலம் காலடியில் கிடந்தது. எல்லோரும் போன பிறகு அதை மடியில் கட்டி எடுத்து வந்தேன். இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் வாடியிருக்கும், ஆனாலும் நிறம் தெரியும். பிரித்துப் பாருங்கள்.

மருதாள்